முதல் விருந்தாளி

அது ஆள் நுழைகிற வாசல் மாதிரியே இல்லை. சுவரின் அடியில் இடுப்புயரம்கூட வராத ஒரு சதுரத் திறப்பு. தலையைக் குனிந்து, முழங்காலை ஊன்றித் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும் என்று மகன் எழிலன் சொன்னபோது செண்பகவல்லி கலங்கினாள். தனக்காக இல்லை, கணவருக்காக. தன் முழங்கால் எப்படியோ போகட்டும். அவர் கேட்பாரே, ஏன் தம்பி பெரிய கதவு கிடையாதா என்று கேட்பாரே, கேட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து மறுபடியும் அதையே கேட்பாரே. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். தெய்வசிகாமணி குடையை மகனிடம் கொடுத்துவிட்டு, அந்தத் திறப்பையும் அதன்மேல் சொட்டுகிற கூரையையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். பிறகு வேட்டிக்குப் பழகிய கையால் பேண்ட்டை முழங்காலருகே தூக்கி விட்டுக்கொண்டு, வாழ்நாளெல்லாம் இப்படித்தான் வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தவர் போலக் குனிந்து உள்ளே போய்விட்டார். அவளுக்கு மூச்சு வந்தது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து இப்படித்தான், ஒவ்வொரு கதவிலும் ஒரு மூச்சு நின்று ஒரு மூச்சு வருகிறது. ரயில் நிலையத்தில், மின்தூக்கியில், தானாகத் திறக்கிற கழிப்பறை மூடியின் முன்னால். ஆனால் இங்கே ஒரு சௌகரியமும் இருக்கிறது என்பதை வந்த இரண்டொரு நாளிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எல்லோருமே தடுமாறுகிற இடத்தில் ஒருவர் கூடுதலாகத் தடுமாறுவது கண்ணில் படுவதில்லை. ஊரில், மாயவரத்தில், முப்பது வருஷமாக முடி வெட்டிக்கொள்கிற கடைக்குப் போய், வெட்டிக்கொள்ளாமலே சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைக்காரர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாரே, "சாரு என்ன வேணும்னு கேட்டா சும்மா சிரிக்கிறாரும்மா" என்று, அது மாதிரி இங்கே ஒருவரும் வந்து சொல்ல மாட்டார்கள். இங்கே சிரித்தால் திருப்பிச் சிரிக்கிறார்கள். குனிந்தால் குனிகிறார்கள்.

உள்ளே அறை மங்கலாக இருந்தது. பாய் பதித்த தரை, காகிதம் ஒட்டிய ஜன்னல், ஒரு மூலையில் மேலிருந்து தொங்கும் எழுத்துச் சீலை, அதற்குக் கீழே மூங்கில் குழாயில் ஒரே ஒரு பூ. இரும்புக் கெட்டில் கொதிக்கிற சத்தமும் வெளியே மழைச் சத்தமும் ஒன்றாகக் கலந்து எது எது என்று பிரிக்க முடியாமல் கேட்டன. எழிலனோடு வேலை பார்க்கிறவனின் சித்தி வீடு இது. நிஷிமுரா என்று பெயர். அறுபதைத் தாண்டிய அம்மாள், சாம்பல் நிறக் கிமோனோவில், பாயில் நெற்றி படும்படி கும்பிட்டாள். ஜப்பானுக்கு வந்துவிட்டு இதைப் பார்க்காமல் போவதாவது என்று எழிலன்தான் ஏற்பாடு செய்திருந்தான்; ஒசாகாவிலிருந்து ரயிலில் இந்தத் தேயிலை ஊருக்குக் கூட்டிவந்திருந்தான். மருமகள் தாரிணி வரவில்லை. ஏழாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, வீட்டில் படுத்திருக்கிறாள். தாயில்லாத பெண். அத்தே, நீங்க இருப்பீங்கல்ல என்று நேற்றுகூடக் கேட்டாள், கேட்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். இருப்பேன் என்றுதான் செண்பகவல்லி சொன்னாள். பிரசவம் முடிந்து பிள்ளைக்குக் கழுத்து நிற்கும்வரை அவள் இங்கே இருப்பது என்றும், அப்பா மட்டும் அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புவது என்றும் எழிலன் திட்டம் போட்டிருந்தான். அப்பாவுக்கு என்ன, ரயில்வேயில் இருந்தவர், சிங்கப்பூரில் இறங்கி வேறு விமானம் மாறினால் சென்னை, அங்கே கூட்டிப்போகக் கார் வரும். எவ்வளவு சுலபம். அவன் சொல்லச் சொல்ல அவர், "ஆமாமா... அதான" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆமாமா, அதான. அந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு அவர் இத்தனை நாள் ஊரையே சமாளித்துவிட்டார். தொலைபேசியில் மகனோடு பேசும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு எடுத்துக் கொடுப்பாள், தாரிணிக்கு மசக்கை எப்படி இருக்குன்னு கேளுங்க, வேலை எப்படிப் போகுதுன்னு கேளுங்க. அவர் கேட்பார். அந்தப் பக்கம் சிரிப்பான். வீடியோவில் முகம் எப்போதும் போலத்தானே இருக்கிறது. முகத்தில் என்ன போயிற்று.

"அப்பா, நீங்க இங்க உக்காருங்க. இதான் முதல் விருந்தாளி எடம்" என்றான் எழிலன். சீலைக்கு அருகில் இருந்த இடம். "பெரியவங்கதான் அதுல உக்காரணும். ஒரே ஒரு வேலை உங்களுக்கு. டீயக் குடிச்சு முடிச்சதும் கிண்ணத்தக் கையில வச்சுப் பாத்துட்டு, இது எங்கேருந்து வந்துதுன்னு கேக்கணும். முதல் விருந்தாளி கேட்டாத்தான் அவங்களுக்கு மரியாத. நான் மொழிபெயத்துச் சொல்லிடுறேன்."

"கேட்டாப் போச்சு" என்றார் அவர்.

அவள் அவருக்கு அடுத்து உட்கார்ந்தாள், அவன் அவளுக்கு அடுத்து. அவரிடம் சம்மணம் போட்டு உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளிடமும் சொன்னார்கள், அவள்தான் அந்த அம்மாளைப் பார்த்து முழங்காலை மடக்கிக் குதிகால்மேல் உட்கார்ந்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரியவில்லை. வலிக்கட்டும் என்று இருந்தது. கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று அவளுக்குள் ஓடத் தொடங்கியது. டீ குடித்ததும் கேட்க வேண்டும். மறந்துவிடுவார். மறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார், அந்த அம்மாள் காத்திருப்பாள், எழிலன் அப்பா என்பான், அவர் ஆமாமா என்பார். தான் காதோடு எடுத்துக் கொடுக்கலாம். இந்த அறையில் கிசுகிசுத்தால் கேட்குமே, பூவில் எறும்பு நடந்தாலே கேட்கும் போல இருக்கிறதே. முழங்கையால் இடிக்கலாம். இப்படித்தான், ஒரு காரியம் முடிவதற்குள் அடுத்த காரியத்துக்கு அவள் மனம் போய் நின்றுகொள்ளும், அவருக்கு முன்னால் ஓடி ஓடி வழியில் கிடக்கும் கல்லையெல்லாம் பொறுக்கிப் போடுகிற மாதிரி. அந்த அம்மாள் இலை போல மடித்த காகிதத்தில் இனிப்பை வைத்து நகர்த்தினாள். மழைக்காலப் பூவின் வடிவில் நீலமும் ஊதாவுமாக, தொட்டால் நடுங்குகிற இனிப்பு. அவர் எடுத்து வாயில் போட்டு, "நல்லாருக்கு" என்றார். அவளும் போட்டுக்கொண்டாள். தித்திப்பு நாக்கில் கரையும்போது, வேண்டாம் வேண்டாம் என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த அது மெல்ல மேலே வந்தது. விமான நிலையம். கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் அவர் போகிறார். சட்டைக் காலர், கழுத்தில் நரைத்த முடி, தோளில் பை. திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் அவரை மூடிக்கொள்கிறது. சிங்கப்பூரில் இறங்குகிறார், எல்லோரும் ஒரு பக்கம் போகிறார்கள், அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். யார் என்ன கேட்டாலும் சிரிக்கிறார். அப்புறம் எழுந்து நடக்கிறார். முதல் தடவை இது மனதில் ஓடியபோது பயம்தான் வரும் என்று அவள் காத்திருந்தாள். பயம் வரவில்லை. நாள் முழுக்க இறுக்கிக் கட்டியிருந்த புடவை முடிச்சை ராத்திரி அவிழ்த்த மாதிரி இடுப்பிலிருந்து மார்பு வரைக்கும் ஒரு லேசு பரவியது. அதை நினைத்துத்தான் அவள் பயந்தாள். அன்றிலிருந்து அந்தப் பயம்தான்.

கெட்ட மனுஷர் இல்லை. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் முதல் வேலையாக அவளுக்குச் சமையலறையில் ஒரு பலகை அடித்துக் கொடுப்பார். எழிலன் பிறந்து அவள் ஜன்னியில் கிடந்தபோது டூட்டிக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கைதான் இப்போது ராத்திரியில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தடவுகிறது. கேட்டு பூட்டியாச்சா? பூட்டியாச்சுங்க. படுப்பார். கேட்டு பூட்டியாச்சா? தூங்கிவிட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறார் என்று, முந்தானை நுனியை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுக்கத் தொடங்கினாள். அவர் புரண்டால் அவளுக்கு விழிப்பு வரும். ஒசாகாவிலும் அப்படித்தான், சுவருக்கு அந்தப் பக்கம் மகன் தூங்க, இந்தப் பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கிறாள். அந்த வீட்டில் கேட்டே கிடையாது, பதினோராம் மாடி. கேட்டு பூட்டியாச்சா? பூட்டியாச்சுங்க. இன்னும் ஒரு வாரம். அப்புறம் பிள்ளை பிறக்கும், பிள்ளை அழும், அது வேறு விழிப்பு. பிள்ளை இன்றைக்கு அழுததை நாளைக்கு அழாது. வளரும். அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். சொல்ல வேண்டும். இன்று திரும்பிப் போகும்போது ரயிலில் சொல்லிவிட வேண்டும், எழிலா, அப்பாவுக்குச் சரியில்ல, தஞ்சாவூர் டாக்டர்கிட்ட காட்டினேன், வயசுக் கோளாறு, போகப் போகக் கூடும்னாரு. போன வாரமும் இப்படித்தான் ரயிலில் சொல்லலாம் என்று இருந்தாள். பிள்ளைத்தாச்சி மனசு சங்கடப்படும் என்று ஒரு காரணம். மகன் தாங்க மாட்டான் என்று ஒரு காரணம். அவருடைய மானம் போய்விடும் என்று ஒரு காரணம். ஒவ்வொன்றும் நல்ல காரணம், எடுத்துப் பார்த்தால் பளபளவென்று இருக்கும். எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு அடியில் பார்த்தால் அந்தக் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, காலர் இருக்கிறது.

அந்த அம்மாள் தேநீர் செய்யத் தொடங்கியிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த பட்டுத் துணியை எடுத்து மடித்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த டப்பியைத் துடைத்தாள், சுத்தமாக இருந்த கரண்டியைத் துடைத்தாள். பச்சைப் பொடியைக் கிண்ணத்தில் இட்டு, மூங்கில் அகப்பையால் வெந்நீர் மொண்டு ஊற்றி, மூங்கில் மத்தால் கிண்ணத்துக்குள் அடித்தாள். ஒரு அசைவும் அவசரமாக இல்லை, ஒரு அசைவும் மறக்கப்படவில்லை. எழிலன் மெதுவாக விளக்கிக்கொண்டிருந்தான், இன்னதுக்கு அப்புறம் இன்னது, மாறவே மாறாது, பேசுற வார்த்தகூட மாறாதும்மா. அவர் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ரயில அனுப்ப லயன் கிளியர் கேக்கறது மாதிரி" என்றார். "இந்த ஸ்டேஷன்ல கேக்கணும், அந்த ஸ்டேஷன்ல குடுக்கணும். ரெண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் கேக்கணும்." எழிலன் மகிழ்ந்துபோய் அதை அந்த அம்மாளுக்கு மொழிபெயர்த்தான். அவளும் தலையசைத்தாள். அப்பா எவ்வளவு அழகாச் சொன்னாரு பாத்தியா என்பது போல அவன் அம்மாவைப் பார்த்தான். செண்பகவல்லி சிரித்து வைத்தாள். இப்படித்தான் ஏமாற்றுவார். பழசெல்லாம் பளிங்கு மாதிரி வரும். காலையில் தின்ற இட்லி வராது.

கிண்ணம் அவர் முன்னால் வந்தது. சாம்பல் நிறம், விளிம்பு ஒரு பக்கம் சற்றே கோணல். எழிலன் சொல்லிக் கொடுத்தபடி அடுத்திருந்த அவள் பக்கம் திரும்பி, உனக்கு முன்னால் குடிக்கிறேன், மன்னிக்கணும் என்பதற்கு அடையாளமாகத் தலை குனிந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் அவளுக்கு முன்னால்தான் சாப்பிட்டிருக்கிறார், ஒரு நாளும் குனிந்ததில்லை. அவர் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை திருப்பினார். குடித்தார். கடைசி மடக்கைச் சத்தம் வர உறிஞ்சினார். விளிம்பை விரலால் துடைத்தார். இப்போது, இப்போது, என்று அவள் முழங்கை தயாராக இருந்தது. அவர் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்தக் கிண்ணம் எங்கேருந்து வந்துது?"

கேட்டுவிட்டார். எழிலன் மொழிபெயர்த்தான். அந்த அம்மாள் கைகளைத் தொடையில் வைத்து, கிண்ணத்தைப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். "அவங்க தாய்மாமா செஞ்சதாம்பா. அவர் இப்ப இல்லையாம். மழக் காலத்துல மட்டும்தான் இத வெளியில எடுப்பாங்களாம்." அவர் "அப்படியா" என்றார். குனிந்தார். அந்த அம்மாளும் குனிந்தாள். செண்பகவல்லியின் கண்ணில் நீர் வந்தது, நல்லவேளை, ஆவி என்று நினைத்துக்கொள்வார்கள். பார், கேட்டுவிட்டாரே, நீதான் இல்லாததையெல்லாம் நினைத்துக்கொண்டு. ஒருவேளை அவ்வளவு மோசம் இல்லையோ. ஒருவேளை விமானத்திலும் இப்படியே போய்விடுவாரோ, சொன்னதைக் கேட்டு, சொன்ன இடத்தில் திரும்பி. அப்படிப் போய்விட்டால் அவள் நினைத்தது பாவமே இல்லை, வெறும் நினைப்பு, காற்று. அவளுக்கு வேறு கிண்ணம் வந்தது. மேலே பச்சை நுரை. அகத்திக்கீரை வெந்த தண்ணீர் போல வாசனை, கசப்பு நாக்கின் அடிவரை போய் நின்றது, இனிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாதத்தில் உணர்வே இல்லை. தொடைவரை மரத்துவிட்டது. கடைசி மடக்கு அவள் தொண்டையில் இருக்கும்போது பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"இந்தக் கிண்ணம் எங்கேருந்து வந்துது?"

அதே நிதானம், அதே மரியாதை. காலிக் கிண்ணம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. எழிலன் சிரித்தான். "சரியாக் கேக்கல போலருக்கு, மழச் சத்தம்" என்றான், அதையே அந்த அம்மாளிடமும் சொன்னான் போல. அவள் கைகளைத் தொடையில் வைத்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சொன்னாள். தாய்மாமா. இப்போது இல்லை. மழைக்காலம். அவர் "அப்படியா" என்று குனிந்தார், அவளும் குனிந்தாள். ஒரு தடவைதான், இரண்டு தடவை யாரும் கேட்பார்கள், காது மந்தம் என்று சொல்லிவிடலாம், வயதானவர், மழை, என்று செண்பகவல்லி கற்களைப் பொறுக்கத் தொடங்கினாள், அவள் கை எட்டுமுன்பே அவர் மறுபடியும் கிண்ணத்தைத் தூக்கினார். வெளிச்சத்தில் திருப்பினார். முகத்தில் புதிதாக ஒன்றைக் கண்ட ஆர்வம்.

"இந்தக் கிண்ணம் எங்கேருந்து வந்துது?"

எழிலன் மொழிபெயர்க்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தான். மொழிபெயர்ப்புக்காக அந்த அம்மாள் காத்திருக்கவும் இல்லை. கேள்வி இன்னதென்று அவளுக்கு இப்போது தெரியும். கைகளைத் தொடையில் வைத்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், முதல் தடவை யாரோ தன்னிடம் அதைக் கேட்கிறார்கள் என்பது போல, குரலில் இரக்கமில்லாமல், பொறுமையைக் காட்டிக்கொள்ளாமல், அதே நீளத்துக்கு, அதே சொற்களில் சொன்னாள். குனிந்தாள். அவரும் திருப்தியாகக் குனிந்தார். அறையில் ஒன்றுமே நடக்காதது போலக் கெட்டில் இரைந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி பாயின் ஓரத்தில் ஓடிய கறுப்புத் துணிக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கன்னத்தின்மேல் மகனின் பார்வை இருப்பது, அடுப்பு அருகே உட்கார்ந்தால் ஒரு பக்கம் மட்டும் சுடுமே, அப்படிச் சுட்டது. அவனுக்குக் கிண்ணம் வந்தது, அவன் திருப்பவில்லை, குடித்தானா என்றுகூடத் தெரியவில்லை.

அந்த அம்மாள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகவும் வரவுமாக இருந்தபோதுதான் அவன் பேசினான். குரல் அவள் காதுக்கு மட்டும் எட்டியது.

"எவ்ளோ நாளாம்மா?"

"தீவாளிக்கு முன்னாடிலேருந்து."

"போன தீவாளியா?"

"அதுக்கு முந்துனது."

அவர் சீலையில் இருந்த எழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் தனியா பிளேன் ஏத்தறதா இருந்தோமேம்மா. ஏன் சொல்லல?"

அவளிடம் காரணங்கள் இருந்தன. பிள்ளைத்தாச்சி, மானம், நீ தாங்க மாட்டே. அவற்றை எடுக்கத்தான் வாயைத் திறந்தாள். கால் மரத்த மாதிரி நாக்கும் மரத்திருந்ததோ, கசப்பு இன்னும் அதில் இருந்ததோ, எது வந்து முன்னால் நிற்கிறது என்று பார்க்காமலே பேசிவிட்டாள்.

"சொன்னா நீ அவரத் தனியா அனுப்ப மாட்டியே."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதை வேறு விதமாக எடுத்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா என்று அவன் தேடுவது தெரிந்தது. கண் அவள் முகத்தில் இங்கும் அங்கும் ஓடியது, சின்னப் பிள்ளையில் காய்ச்சலில் கிடக்கும்போது அவளைப் பார்ப்பானே, அப்படி. அம்மா, நீ வேற என்னமோ சொல்ல வந்த. அவள் உதவி செய்யவில்லை. செய்ய முடிந்திருக்கும், தாரிணிக்காகத்தான்டா என்று ஒரு வார்த்தை போதும், அவன் அதைப் பற்றிக்கொள்வான், வாழ்நாள் முழுக்க நம்புவான். அவள் பாயைப் பார்த்தாள். அவன் எழுந்தான்.

"வாங்கப்பா, போலாம்" என்று அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினான். பிடித்த விதமே மாறியிருந்தது, உள்ளங்கையில் இல்லை, மணிக்கட்டில். அவர் அந்தச் சின்னத் திறப்பின் முன்னால் வந்து நின்று, "ஏன் தம்பி, பெரிய கதவு கெடையாதா?" என்றார். எழிலன் முதலில் இறங்கி, வெளியிலிருந்து அவர் தலைமேல் கை வைத்துக் குனியச் செய்து இறக்கினான். செருப்பை எடுத்துப் போட்டு, கால் ஒவ்வொன்றாகப் பிடித்து நுழைப்பதை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. குடை விரிகிற சத்தம் கேட்டது.

எழுந்திருக்கப் பார்த்தாள், கால் வரவில்லை. கையை ஊன்றி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். நிஷிமுரா அம்மாள் உள்ளேயிருந்து வந்து, என்ன என்று கேட்காமல், தூக்கியும் விடாமல், சற்றுத் தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள். இவளுக்குக் கால் மரத்துவிட்டது, சரியாகும்வரை உடன் இருப்பது என்று இவர்கள் சடங்கில் அதற்கும் ஓர் இடம் இருக்கும் போல. இரண்டு பெண்களும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது என்ன ஆகும்? அவரும் அவளும் இங்கேயே இருப்பார்கள், அல்லது இரண்டு பேரும் போவார்கள். அவ்வளவுதான். முந்தானை முடிச்சு இனி மறைவாகப் போட வேண்டியதில்லை. மகன் இனி நாளுக்கு நான்கு தடவை அம்மா சாப்பிட்டியா என்று கேட்பான், கேட்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டான்.

வெளியே கல் பாவிய பாதையில் காலடிகள் சற்று தூரம் போய் நின்றன.

"அம்மா வரலியா தம்பி?"

"வர்றாங்கப்பா."

மழை ஓட்டின் மேலிருந்து கொட்டியது. பாதத்தில் ஊசி குத்தத் தொடங்கி, குதிகாலில் ஏறி, கெண்டைக்காலில் பரவியது.

"அம்மா வரலியா?"

"வர்றாங்கப்பா."

"எங்க, அம்மா வரலியே?"

"வர்றாங்கப்பா, கால் மரத்துப் போயிருக்கும்" என்றான்.

செண்பகவல்லி விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. முழங்காலை நீட்டினாள், மடக்கினாள். காலுக்கு உணர்வு முழுவதும் வந்துவிட்டிருந்தது. அந்த அம்மாளும் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். வெளியே அவர் மறுபடியும் கேட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.